பாலாற்றில் கரையும் உப்பு

விலங்கியல் பட்டத்தோடு பாலாற்றங்கரை ஆம்பூரில் டேனரி வேலைக்கு வந்தவன் நான். கடல் உயிர்களைப் படிக்க வேண்டும் என்ற கல்லூரிக் கால ஆசை, பச்சைத்தோல் கணக்கிலும் ஏற்றுமதி ஆர்டர் அவசரத்திலும் அமிழ்ந்துபோயிற்று. அது மறுபடி தலைதூக்கியது, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு என்னை மாற்றிய பிறகு.

காற்றூட்டும் தொட்டியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் வைத்தேன். நீண்ட காம்பின் நுனியில் மணியைக் கவிழ்த்தாற்போல் வோர்டிசெல்லா. செய்முறை வகுப்பில் வரைந்து பழகிய அதே உயிர்! பாக்டீரியாவைத் தின்று தண்ணீரைத் தெளியவைப்பது அதுதான். தொட்டியில் உப்பு மிஞ்சினால் அது காணாமல் போய்விடும்.

பச்சைத்தோல் அழுகாமலிருக்க அதன் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் உப்புப் போடுகிறார்கள். ஊறவைக்கும் தண்ணீரில் அதில் பெரும்பகுதி கரைகிறது. குரோமியத்தையாவது படியவைத்துப் பிரிக்கலாம். கரைந்த உப்பை எந்த நுண்ணுயிரும் தின்னாது. டேனரிக் கழிவுநீர் குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைப் படித்தால் நெஞ்சு கனக்கும்: இவ்வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பயிருக்கு ஆகாமல் போயிருந்தது. இன்று தண்ணீரை ஆவியாக்கிப் பிரித்த உப்பு, போக்கிடமின்றி மூட்டைகளாகக் கிடக்கிறது.

பழைய கடலாசை இழுக்க, ஒரு சனிக்கிழமை ரயிலேறிச் சென்னை போனேன். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் நடந்து ஆமை முட்டைகளைக் காக்கும் பணியை மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் 1988 முதல் செய்துவருகிறார்கள். அவர்களோடு நடந்தேன். எல்லாரும் என் பிள்ளைகள் வயது. முட்டையிடக் கரையேறும் பங்குனி ஆமையின் கண்ணில் வழிவது அழுகை அல்ல. கண்ணருகே உள்ள சுரப்பி, உடலில் மிகுந்த உப்பை வெளியேற்றுகிறது. பாலாற்றுக் கெளுத்திக்கும் தவளைக்கும் அப்படியொரு சுரப்பி கிடையாது. அந்த இரவு முழுக்க இதுவே மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"சார், வேலைய விட்டுட்டு இங்கயே வந்துடுங்க" என்றான் ஒரு பையன். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் கல்பாக்கத்துக்குத் தெற்கே, வயலூரில் கடல் சேர்வது எங்கள் பாலாறு. அந்தக் கரையிலும் ஆமைகள் முட்டையிட ஏறுகின்றன. கடலுக்காக நான் செய்ய வேண்டியது ஆம்பூரில்தான் இருக்கிறது. ஊறப்போடும் முன் தோலை நன்றாக உதறினாலே உப்பில் ஒரு பங்கு தண்ணீருக்குப் போகாது. எந்தச் சரக்கில் எவ்வளவு உதிர்கிறது என்று எடைபோட்டு எழுதும் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். வரும் பருவத்து ஆமை நடைக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன்.