பெற்றோல் இஸ் ஸ்கார்ஸ்: ஆருக்கு?

'பெற்றோல் இஸ் ஸ்கார்ஸ்.' இலக்கணப்படி ஒரு பிழையும் இல்லாத வசனம். தட்டுப்பாடு எண்ட பொருள் வாற ஆங்கிலச் சொல்லை வச்சு வசனம் எழுதச் சொன்னா எங்கட கலைப்பீடத்தில பாதிப்பேர் இதைத்தான் எழுதுவம். 2022ஐ லைனில நிண்டு கழிச்ச ஆக்கள் வேற எதை எழுதுற?

முதல்ல ஒரு சின்ன வித்தியாசம். 'ரெயர்' வேற, 'ஸ்கார்ஸ்' வேற. கல்லடிப் பாலத்தடியில பௌர்ணமி இரவில பாடும் மீன்ட சத்தம் கேக்கிறது 'ரெயர்'. அது கேக்காட்டியும் ஒருத்தரும் பட்டினி கிடக்கப் போறதில்ல. ஆனா அதே வாவியில இறால் படாத நாளில 'ப்ரோன்ஸ் ஆர் ஸ்கார்ஸ்' எண்டுதான் சொல்லணும். ஏனெண்டா அதை நம்பித் தோணி தள்ளுற குடும்பங்கள் இருக்கு. அரிதா இருக்கிறது ஒண்டு. தேவைக்குக் காணாம இருக்கிறது இன்னொண்டு.

'ஷோர்ட்டேஜ்' பெயர்ச்சொல். 'தேர் இஸ் எ ஷோர்ட்டேஜ் ஒஃப் ரைஸ்' எண்டு வரும். தமிழில 'அரிசித் தட்டுப்பாடு'. இந்த எல்லா வசனத்திலயும் பொருள் இருக்கு, ஆள் மட்டும் இல்ல. தேவை எண்டா அது ஆரோ ஒருத்தர்ட தேவைதானே? அந்த ஆள் எங்க போனார்?

2022ல நாட்டில டொலர் இல்ல, எண்ணெய்க் கப்பலும் வரல்ல. அது உண்மையான தட்டுப்பாடுதான். ஆனா அதுவும் எல்லாருக்கும் ஒரே அளவில வரல்ல. ஜூன் 27ஆம் திகதி, அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் எண்டு அறிவிச்சாங்க. பிறகு கியூஆர் முறை வந்தது. தொடக்கத்தில கிழமைக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீட்டர், ஆட்டோவுக்கு 5, காருக்கு 20. ஆட்டோ ஓடித்தான் அண்டைக்குச் சோறு எண்டு இருந்தவருக்கு 5. 'பெற்றோல் இஸ் ஸ்கார்ஸ்' எண்ட வசனம் இந்தக் கணக்கைச் சொல்லாது.

இதையே ஒரு பெரிய பஞ்சத்தை வச்சுக் காட்டினவர் அமர்த்தியா சென். 1943 வங்காளப் பஞ்சத்தில கிட்டத்தட்ட 30 இலட்சம் பேர் செத்தாங்க எண்டது அவர்ட மதிப்பீடு. ஆனா அந்த வருசம் அங்க இருந்த உணவு, பஞ்சமே இல்லாத 1941ஐ விடக் கூடுதல் எண்டு 1981ல வந்த தன்ட நூலில கணக்குப் போட்டுக் காட்டினார். சோறு இருந்தது. விலை ஏற ஏற, கூலிவேலை செய்தவங்களுக்கு அதை வாங்க வழி இல்லாமப் போனது.

பொருளியல் படிக்காத எங்கட அம்மம்மா இதை ஒரே வரியில சொல்லுவா: "கடையில சாமான் இரிக்கி மனே, நம்மட கையிலதான் காசில்ல."

ஆங்கிலத்திலயும் இதுக்கு இடம் இருக்கு. 'வீ ஆர் ஷோர்ட் ஒஃப் மணி' எண்டா வசனம் தொடங்குறதே 'நாங்க' எண்டுதான். கிராமத்தில சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் குடுக்கிற நண்பர்கள் எங்களுக்குள்ள நிறைய இருக்காங்க. அடுத்த தரம் ஒரு பிள்ளை 'ரைஸ் இஸ் ஸ்கார்ஸ்' எண்டு எழுதினா, சரி போட்டுக் குடுங்க. குடுத்திட்டு, 'ஆருக்கு?' எண்டும் ஒருக்காக் கேளுங்க. பிள்ளை எழுதப்போற ரெண்டாவது வசனம் கட்டாயம் இன்னும் கொஞ்சம் நீளமா இருக்கும்.