நான்காம் வேற்றுமையும் உணவு விலக்கும்

லேவியராகமத்தின் 11ஆம் அதிகாரம் நம் ஆலயங்களில் பிரசங்கப் பொருளாவது அரிது. ஓராண்டுக்குள் வேதாகமத்தை முழுமையாக வாசித்து முடிக்க உறுதிபூணுபவர்களும் பெரும்பாலும் லேவியராகமத்தில்தான் தளர்கிறார்கள். அசைபோடும் விலங்கு எது, குளம்பு பிளவுபட்டது எது, துடுப்பும் செதிலும் உடைய நீர்வாழ் உயிர் எது, வெட்டுக்கிளிகளில் உண்ணத்தக்கது எது என்று நீளும் அப்பட்டியலை, ‘இது பழைய ஏற்பாட்டுக் காலத்துக்குரியது, நமக்குரியதன்று’ என்னும் ஒற்றை வாக்கியத்தால் கடந்துவிடுகிறோம். கிறிஸ்தவர்கள் அப்பட்டியலைக் கடைப்பிடிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று நானும் கருதவில்லை. ஆயினும் மொழியியல் பயின்ற பழக்கத்தில் அப்பகுதியை எபிரேய மூலத்தோடு ஒப்பிட்டு வாசித்தபோது, பட்டியலைவிட இரண்டு சிறு சொற்களே என் கருத்தைக் கவர்ந்தன. ஒன்று ‘உங்களுக்கு’, மற்றொன்று ‘மாலைவரை’. இவ்விரண்டையும் நிதானமாக நோக்கினால், அன்றாட வாழ்வின் பரிசுத்தம் குறித்து அந்த அதிகாரம் கூறுவது நாம் எண்ணியிருப்பதற்கு ஏறத்தாழ எதிரானது என்பதே என் வாதம்.

இவ்விலக்குகளின் காரணம் யாது என்னும் வினாவுக்கு அறிஞரிடையே ஒருமித்த விடை இல்லை. 12ஆம் நூற்றாண்டின் யூத அறிஞர் மைமோனிடஸ் உடல்நலத்தைக் காரணமாகக் காட்டினார். மானிடவியலாளர் மேரி டக்ளஸ், 1966இல் வெளிவந்த ‘பியூரிட்டி அண்ட் டேஞ்சர்’ நூலில், வகைப்பாட்டுக்குள் பொருந்தாத உயிரினங்களே விலக்கப்பட்டன என்று வாதிட்டார். 1999இல் வெளியிட்ட ‘லெவிட்டிகஸ் அஸ் லிட்ரச்சர்’ நூலில் அக்கருத்தைத் தாமே திருத்திக்கொண்டார். லேவியராகமத்துக்குப் பேருரை எழுதிய ஜேக்கப் மில்கிரோம், மனிதர் கொல்லத்தகும் உயிர்களின் எண்ணிக்கையைச் சுருக்கி, உயிரின்மீது மதிப்பை வளர்ப்பதே சட்டத்தின் நோக்கம் என்றார். எனக்கு மில்கிரோமின் விளக்கம் நெருக்கமானது. எனினும் காரணத்தைத் தேடும் முன்னர், சட்டம் எவ்வாறு பேசுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

எபிரேயத்தில் இங்கு இரண்டு தனித்தனி இணைகள் உள்ளன. ‘காதோஷ்’ என்பது இறைவனுக்கென வேறாக்கப்பட்டது. அதன் எதிர்ச்சொல் ‘ஹோல்’, அதாவது பொதுவானது. ‘தாஹோர்’ என்பது சடங்குமுறையில் தூய்மையானது. அதன் எதிர்ச்சொல் ‘தாமே’. லேவியராகமம் 10ஆம் அதிகாரம் இவ்விரு இணைகளையும் அடுத்தடுத்து வைத்து, ஆசாரியர் இரண்டையும் பகுத்தறிய வேண்டும் என்கிறது. நான்கு சொற்களும் நான்கு வெவ்வேறு வேர்களிலிருந்து பிறந்தவை. தமிழிலோ பரிசுத்தம், சுத்தம், அசுத்தம் ஆகிய மூன்றும் ஒரே அடியிலிருந்து வருகின்றன. எனவே தமிழ் வாசகரின் காதில் பரிசுத்தம் என்பது மிகையான சுத்தமாகவே ஒலிக்கிறது. சுத்தம் ஏற ஏறப் பரிசுத்தம் கைகூடும் என்று தோன்றுகிறது. அதனோடு ‘தீட்டு’ என்னும் சொல்லும் சேர்ந்துகொள்ளும்போது, அச்சொல் இந்நாட்டில் சுமந்துவந்த வரலாறு முழுவதும் வேதவாசிப்புக்குள் ஓசையின்றி நுழைந்துவிடுகிறது. மொழிபெயர்ப்பாளரைக் குறைகூறுவது என் நோக்கமன்று. கைவசம் இருந்த சொற்களைக் கொண்டுதான் எவரும் மொழிபெயர்க்க முடியும். அச்சொற்கள் எதனை உடன் கொண்டுவருகின்றன என்று அறிந்து வாசிப்பது வாசகரின் பொறுப்பு.

இனி, முதற்சொல். ஒட்டகம், குழிமுயல், முயல், பன்றி ஆகியவற்றைக் குறிப்பிடும் ஒவ்வொரு முறையும் சட்டம் ‘தாமே’ என்பதோடு நின்றுவிடுவதில்லை. ‘லாகெம்’ என்னும் சொல்லையும் சேர்க்கிறது. ‘உங்களுக்கு’ என்பது அதன் பொருள். தமிழ் மொழிபெயர்ப்பும் அதனை விடாமல் காத்திருக்கிறது. நாம்தான் விட்டுவிட்டு வாசிக்கிறோம். ‘பன்றி அசுத்தமானது’ என்பது பன்றியைப் பற்றிய கூற்று. ‘பன்றி உங்களுக்கு அசுத்தமானது’ என்பது ஓர் உறவைப் பற்றிய கூற்று. படைப்பின் தொடக்கத்தில் நல்லதென்று காணப்பட்ட உயிரினம், சீனாய் மலையடிவாரத்தில் திடீரென்று தீயதாகிவிடவில்லை. ஒரு குறிப்பிட்ட மக்கள், ஒரு குறிப்பிட்ட உடன்படிக்கையின் பொருட்டு, அதை உண்ணாதிருக்கக் கேட்டுக்கொள்ளப்பட்டனர், அவ்வளவே. நன்னூல் நான்காம் வேற்றுமைக்குக் கூறும் பொருள்களுள் கொடை, பகை, தகவு ஆகியவை உண்டு. இங்குள்ள ‘கு’ உருபு தகவுப் பொருளில் நிற்கிறது: உங்களுக்குத் தக்கதன்று. அதனைப் பகைப்பொருளில் வாசிப்பது நம் பிழை.

இதற்கு மாறான ஒரு விலக்கும் உண்டு. இரத்தத்தை உண்ணலாகாது என்னும் கட்டளை, ஆதியாகமம் 9ஆம் அதிகாரத்தில் நோவாவின் வழியாக மனிதகுலம் முழுவதற்கும் இடப்படுகிறது. உயிர் இரத்தத்தில் இருக்கிறது என்பதே காரணம். உயிர் எவருக்கும் உடைமையன்று என்னும் அறம் அனைவர்க்கும் பொது; எதை உண்பது, எதை விடுப்பது என்னும் ஒழுக்கம் ஏற்றுக்கொண்டவர்க்கு மட்டும் உரியது. இவ்விரண்டையும் சட்டமே வேறுபடுத்துகிறது.

இரண்டாவது சொல் ‘மாலைவரை’. விலக்கப்பட்ட விலங்கு உயிரோடிருக்கையில் அதைத் தொடுவதால் எவரும் தீட்டுப்படுவதாக அந்த அதிகாரம் கூறவில்லை. ஒட்டகத்தில் பயணம் செய்தனர். கழுதையில் சுமை ஏற்றினர். செத்த உடலைத் தொட்டால்தான் தீட்டு. அதுவும் கதிரவன் மறையும்வரை நீடிக்கும், பின்னர் நீங்கிவிடும். பிறப்பால் வருவதில்லை, பிள்ளைக்குச் செல்வதில்லை.

இந்திய வாசகர் இவ்விடத்தில் தயங்குவது நியாயமே. தானாகச் செத்ததை அந்நியருக்குக் கொடுக்கலாம் என்று உபாகமம் 14ஆம் அதிகாரம் கூறுவது நம்மை உறுத்தும், உறுத்தவும் வேண்டும். செத்த மாட்டின் இறைச்சியை உண்டவர் என்பதையே தலைமுறை தலைமுறையான இழிவுக்கு அடையாளமாக்கிய நாடு இது. அத்தொடர்பை அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட தம் நூலில் விரிவாக ஆராய்ந்தார். ஆனால் லேவியராகமம் 17ஆம் அதிகாரம் அதே உணவைப் பற்றிக் கூறுவதைக் காண்க: செத்ததை உண்டவர் சுதேசியாயினும் பரதேசியாயினும் உடையைத் துவைத்து, நீராடி, மாலைவரை தீட்டுள்ளவராக இருப்பார். பின்பு இல்லை. இருவருக்கும் ஒரே நீர், ஒரே மாலை. அந்திக்குப் பின்னும் முடியாத தீட்டு ஒன்றை மனிதர்மீது சுமத்துவதற்கு இவ்வதிகாரங்களில் இடமில்லை.

இதனை ஏட்டு நுணுக்கம் என்று எண்ண வேண்டாம். நான் ஆய்வு மேற்கொள்ளும் வடஇந்திய நகரில், ஞாயிறுதோறும் மாணவர் சிலர் கூடிச் செபித்துவிட்டு, அவரவர் கொண்டுவந்ததைப் பகிர்ந்துண்பது வழக்கம். சென்ற ஆண்டு ஒரு ஞாயிறன்று, மிசோரமைச் சேர்ந்த ஆய்வாளரான தோழி ஒருவர், ஊரிலிருந்து தாய் கொடுத்தனுப்பிய புகையூட்டிய பன்றியிறைச்சியைக் கீரையோடு சமைத்துக் கொண்டுவந்திருந்தார். டப்பாவைத் திறந்ததும், ‘லேவியராகமம் இதை அசுத்தம் என்கிறதே’ என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கூறினார். கூறியவர் அந்த அதிகாரத்தின் வேறெந்த விலக்கையும் பின்பற்றுபவரல்லர்; அதே பட்டியலில் விலக்கப்பட்ட இறால் அவருக்கு மிக விருப்பமானது. தோழி எதுவும் கூறாமல் டப்பாவை மூடிப் பைக்குள் வைத்துவிட்டார்.

அதே பாயில் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்த மூத்த மாணவர் ஒருவர் அமர்ந்திருந்தார். லேவியராகமத்தின் இறைச்சி விலக்குகளை இன்றும் கைக்கொள்ளும் சபை அது. அவர் பன்றியிறைச்சியை உண்டதே இல்லை. அவர்தான் பேசினார்: ‘நான் இதை உண்பதில்லை. அது எனக்கு உள்ள விலக்கு. உங்கள் தாயின் சமையலைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. இங்கே, என் பக்கத்தில் அமர்ந்து உண்ணுங்கள்.’ தோழி அமர்ந்து உண்டார். அதன் பின்னரும் ஞாயிறுகளில் வருகிறார். ஆனால் விடுதி மெஸ்ஸில் தரும் சப்பாத்தியைத் தவிர வேறெதையும் இன்றுவரை அவர் கொண்டுவந்ததில்லை.

அவ்விருவருள் சட்டத்தைக் கைக்கொண்டவர் யார் என்று நான் பலமுறை எண்ணியிருக்கிறேன். மூத்த மாணவர் ‘உங்களுக்கு’ என்பதைக் கேட்டுத் தம்மைக் குறித்து ‘எனக்கு’ என்று விடையளித்தார். மற்றவரோ அந்த உருபை நீக்கிவிட்டு, எஞ்சியதைப் பிறர் தட்டின்மீது வைத்தார்.

புதிய ஏற்பாட்டிலும் இதே இலக்கணம் தொடர்கிறது. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 14ஆம் அதிகாரத்தில், எதுவும் தன்னியல்பில் தீட்டன்று என்று கூறும் பவுல், தீட்டென்று கருதுகிறவருக்கு அது தீட்டே என்றும் கூறுகிறார். அங்கும் அந்தக் ‘கு’ உருபின் பொருளே வாதத்தைத் தாங்கி நிற்கிறது. அதிலிருந்து அவர் பெறும் முடிவு இருபுறமும் வெட்டும்: உண்ணாதவர் உண்பவரைத் தீர்ப்பிடலாகாது; உண்பவர் உண்ணாதவரை இகழலாகாது.

அப்போஸ்தலர் 10ஆம் அதிகாரத்தில் பேதுரு காணும் தரிசனம், உணவுச் சட்டம் நீக்கப்பட்டதற்குச் சான்றாக எப்போதும் எடுத்துக்காட்டப்படுகிறது. பேதுரு தாமே அதற்குக் கூறும் விளக்கம் உணவைப் பற்றியதன்று. எந்த மனிதரையும் தீட்டுள்ளவர் என்று அழைக்கலாகாது என்பதே அவர் பெற்ற பொருள். அங்கே ‘தீட்டு’ என்று தமிழில் வரும் கிரேக்கச் சொல் ‘கொய்னோஸ்’. அதன் அடிப்படைப் பொருள் ‘பொதுவானது’ என்பது. திருச்சபையின் ஐக்கியத்தைக் குறிக்கும் ‘கொய்னோனியா’ என்னும் சொல்லும் அதே அடியிலிருந்து பிறந்தது. தரிசனம் கண்டபோது பேதுரு யோப்பாவில் தங்கியிருந்தது தோல் பதனிடுபவரான சீமோனின் வீட்டில். அன்றாடம் செத்த விலங்கின் தோலோடு உழைப்பவரின் கூரைமீதுதான் அந்தப் பாடம் கற்பிக்கப்பட்டது. இந்நாட்டில் அச்செய்தியை விளக்கிக் கூற வேண்டியதில்லை. அப்படியிருந்தும், பந்தியில் பேதுரு மீண்டும் தளர்ந்ததைக் கலாத்தியர் நிருபம் பதிவுசெய்கிறது. அந்தியோகியாவில் புறவினத்தாரோடு உண்பதிலிருந்து அவர் விலகியபோது பவுல் அவரை நேருக்கு நேர் எதிர்த்தார்.

இந்தியத் திருச்சபை இப்பாடத்தைப் பந்தியிலேயே கற்க வேண்டியிருந்தது. திருவிருந்திலும் இருக்கையிலும் சாதி வேற்றுமை நீங்க வேண்டும் என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் ஆணையிட்டபோது, தென்னிந்தியச் சபைகள் சிலவற்றில் கடும் எதிர்ப்பு எழுந்தது. 1850இல் சென்னையில் கூடிய மிஷனரிகளின் மாநாடு, தாழ்த்தப்பட்டவர் சமைத்த உணவை உண்பதையே சாதியைத் துறந்ததற்கான சோதனையாக வைத்தது. கோட்பாட்டை ஏற்பது எளிது, கவளத்தை விழுங்குவது கடினம் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

அவ்வாறாயின் லேவியராகமம் 11 இன்று கிறிஸ்தவருக்குக் கற்பிப்பது என்ன? பரிசுத்தத்தை ஆலயத்தின் உட்புறத்திலிருந்து அடுப்படிக்குக் கொண்டுவந்தது அந்த அதிகாரம். அதன் முடிவில் வரும் ‘பிரித்தறிதல்’ என்னும் வினைச்சொல்லே, படைப்பின் முதல் நாளில் ஒளியையும் இருளையும் பிரித்ததற்கும் ஆளப்பட்டுள்ளது. நாள்தோறும் உண்ணும் முன்னர் ஒரு கணம் நின்று, கை எட்டும் அனைத்தும் எனக்குரியதன்று என்று உணரும் பயிற்சி அது. அப்பயிற்சி எங்கே சென்று முடிகிறது என்பதையும் நூல் காட்டுகிறது. உபாகமம் 14 உணவு விலக்கில் தொடங்கி, விதவையும் திக்கற்ற பிள்ளையும் பரதேசியும் வயிறார உண்ணும் தசமபாகத்தில் முடிகிறது. ‘பரிசுத்தராயிருங்கள்’ என்னும் அதே அழைப்போடு தொடங்கும் லேவியராகமம் 19, வயலின் ஓரத்தை அறுக்காமல் ஏழைக்கு விடுமாறும், கூலியாளின் கூலியை விடியும்வரை வைத்திராதவாறும் கட்டளையிடுகிறது.

மிசோ கிறிஸ்தவ இல்லங்களில் ‘பூஃபாய் தாம்’ என்றொரு வழக்கம் 1910 முதல் இருந்துவருகிறது. ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும் முன்னர், அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் திருச்சபைப் பணிக்கெனத் தனியே வைக்கிறார்கள். தமிழ்ச் சபைகளின் பிடியரிசிக் காணிக்கையும் இதனை ஒத்ததே. ‘வேறாக்கி வைத்தல்’ என்னும் பொருள்தரும் காதோஷ் என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை. நான் கேட்டபோது, தம் தாய் அந்தப் பிடியை ஒரு வேளையும் தவறவிட்டதில்லை என்று தோழி கூறினார். அந்த இறைச்சி புகையில் உலர்ந்ததும் அதே அடுப்பின் மேல்தான்.

எபிரேயமும் கிரேக்கமும் அறிந்த நண்பர்கள், ‘லாகெம்’ குறித்த என் வாசிப்பில் இடைவெளி கண்டால் எழுத வேண்டுகிறேன். பிற இந்திய மொழிகளில் ‘தாமே’ என்பதற்கு ஆளப்பட்டுள்ள சொற்களையும், அச்சொற்கள் அம்மொழிகளில் மனிதரைக் குறித்தும் வழங்குகின்றனவா என்பதையும் தெரிவித்தால் பெரிதும் பயன்படும்.