எஞ்சின் மாத்தின வண்டி

பழைய கார் ராலி போட்டோ எதை எடுத்துப் பார்த்தாலும் சில விஷயங்கள் கட்டாயம் இருக்கும். முகம் பார்த்துத் தலை சீவுகிற அளவுக்கு பாலிஷ் போட்ட பானெட், பளபளக்கும் ஹெட்லைட், பக்கத்தில் தொப்பி வைத்த ஓனர், பின்னாடி செல்ஃபி எடுக்கும் கூட்டம். ஸ்டேட்ஸ்மேன் பத்திரிகை 1964-லேயே இப்படி ஒரு ராலியை ஆரம்பித்துவிட்டது. சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டரிங் கிளப் நடத்துகிறது. ராலி வரைக்கும் காத்திருக்க முடியாதவர்களுக்கு கோயம்புத்தூரில் ஜீடி கார் மியூசியம் இருக்கிறது. 2023-ல் சென்னை ஏவிஎம் ஸ்டுடியோவிலும் ஒன்று திறந்தார்கள்.

எனக்கு இதெல்லாம் ரொம்பப் பிடிக்கும். செகண்ட் இயரில் சென்னையில் ஒரு ராலிக்குப் போய் 300 போட்டோவுக்கு மேல் எடுத்தேன். அதில் ஒரு அம்பாசடர் மார்க் 2 இருந்தது. க்ரீம் கலர், அச்சு அசல் கம்பெனி கண்டிஷன். எல்லாரும் சுற்றி நின்று அதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. ஏன்னா அதே மாடல், 1972 வண்டி, காரைக்கால் தருமபுரத்தில் எங்க வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. அதன் மேல் கோழி ஏறி உட்காரும்.

அது தாத்தாவின் டாக்ஸி. 1978-ல் செகண்ட்ஹேண்டாக வாங்கினார். எங்க ஊர் காரைக்காலுக்கும் திருநள்ளாறுக்கும் நடுவில் இருப்பதால் சவாரிக்குப் பஞ்சமே இல்லை. சனிப்பெயர்ச்சி வந்தால் மூன்று நாள் தூங்க மாட்டாராம். வெளியூர்க்காரர்கள் வந்தால் காலையில் திருநள்ளாறு, மத்தியானம் நாகூர் தர்கா, சாயந்திரம் வேளாங்கண்ணி என்று ஒரே நாளில் மூன்றையும் காட்டிக் கொண்டுவந்து விடுவார். பிறகு வயதாகி, டி போர்டை எடுத்து ஓன் போர்டு ஆக்கினார். இப்போது ஆர்சி முடியப் போகிறது. "பேரீச்சம்பழத்துக்குப் போட்டுடலாம், இடமாவது மிச்சமாகும்" என்கிறார் சித்தப்பா. தாத்தா பதில் சொல்லவில்லை. கொட்டகையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

நான் உடனே ரூல்ஸைத் தேடினேன். 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனிப் பதிவு கொண்டுவந்தது. 50 வயது தாண்டிய டூவீலர், ஃபோர்வீலர் இரண்டுக்கும் பொருந்தும். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துக்குப் பக்கத்தில் விஏ என்று வரும். தினசரி ஓட்ட முடியாது, வாடகைக்கும் விடக் கூடாது. கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க மட்டும் ரோட்டில் இறக்கலாம். எங்க வண்டிக்கு 50 தாண்டிவிட்டது. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அப்புறம்தான் அடுத்த நிபந்தனையைப் படித்தேன். வண்டி ஒரிஜினல் வடிவத்தில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது.

எங்க வண்டியில் இருப்பது அம்பாசடர் எஞ்சினே இல்லை. கம்பெனி கொடுத்த 1489 சிசி பெட்ரோல் எஞ்சினை 1986-ல் கழற்றிவிட்டு, ஒரு வேனிலிருந்து எடுத்த டீசல் எஞ்சினைப் போட்டுவிட்டார் தாத்தா. பெட்ரோல் விலைக்கு டாக்ஸி கட்டுப்படி ஆகவில்லை. அன்றைக்கு நிறைய அம்பாசடர் டாக்ஸிகளுக்கு இதுதான் நடந்தது. வேலையைச் செய்தவர் எங்க ஊர் மெக்கானிக் பாய். லேத் பட்டறையில் புது மவுண்டிங் செய்து எஞ்சினை உட்கார வைத்திருக்கிறார். டீசல் எஞ்சின் வெயிட் அதிகம் என்பதால் முன்பக்கம் தாழ்ந்துவிட்டது. அம்பாசடரில் முன்னால் காயில் ஸ்பிரிங் கிடையாது, டார்ஷன் பார். அதைத் திருப்பி வைத்து உயரத்தைச் சரிசெய்திருக்கிறார். இன்ஜெக்டரில் மிச்சமாகும் டீசல் டேங்குக்குத் திரும்பிப் போக ஒரு தனி பைப், டேஷ்போர்டில் ஹீட்டர் பிளக்குக்கு ஒரு சுவிட்ச். எந்த டிராயிங்கும் கிடையாது. நாலு வருஷம் மெக்கானிக்கல் படித்த பிறகு அதைக் குனிந்து பார்த்தால்தான் அது எவ்வளவு பெரிய வேலை என்று புரிகிறது.

இங்கேதான் எனக்கு ரூல் மேல் ஒரு கேள்வி. எந்த வண்டி 50 வருஷம் ஒரிஜினலாக இருக்கும்? அதிகம் ஓடாத வண்டி, அல்லது பார்ட்ஸுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் செலவு செய்ய முடிகிறவர் வீட்டு வண்டி. தினமும் ஓடி ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்ட வண்டி மாறித்தான் ஆக வேண்டும். மாறவில்லை என்றால் 1986-லேயே இரும்புக் கடைக்குப் போயிருக்கும். உயிரோடு இருப்பதற்காகச் செய்த மாற்றத்தாலேயே அது வரலாறு இல்லை என்றாகிவிடுகிறது. கண்டபடி மாற்றியதற்கெல்லாம் விண்டேஜ் பட்டம் கொடுங்கள் என்று சொல்லவில்லை. அப்படிச் செய்தால் நேற்று வெல்டிங் அடித்த வண்டியும் வந்து நிற்கும். ஆனால் வண்டி வேலை பார்த்த காலத்திலேயே நடந்த மாற்றத்தையும், பிறகு ஷோவுக்காகச் செய்த மாற்றத்தையும் பிரித்துப் பார்க்க முடியும். முதல் வகைக்கு ஒரு தனிப் பிரிவு இருந்தால் என்ன?

தாத்தாவிடம் ரூலை விளக்கினேன். "ராலிக்கெல்லாம் எதுக்குய்யா? இது வேலை பாத்த வண்டி. ரோட்டுல ஓடட்டும்" என்றார். அதுவும் சரிதான். விஏ நம்பர் கிடைத்தால்கூட அவரை உட்கார வைத்து தர்கா வரை சும்மா ஒரு ரவுண்டு போக முடியாது. சாதாரண வண்டியாகவே புதுப்பித்தால் போகலாம். 15 வருஷம் தாண்டிய காருக்குக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ரூபாய் ஆனது. சித்தப்பா பேரம் பேசி ஒத்துக்கொண்டார்: இன்ஸ்பெக்ஷனில் பாஸ் ஆனால் இன்னும் ஐந்து வருஷம், ஃபெயில் ஆனால் இரும்புக் கடை. பிரேக் வேலை நடக்கிறது. இன்ஸ்பெக்ஷன் அடுத்த மாதம்.

இதற்கிடையில் நான் வேறு மாதிரி போட்டோ எடுக்க ஆரம்பித்திருக்கிறேன். கார் முழுசாக, அழகாக ஒரே ஒரு படம். மற்றதெல்லாம் மவுண்டிங், வெல்டிங் போட்ட இடம், அந்த சுவிட்ச், 40 வருஷமாகக் கை பட்டுத் தேய்ந்த ஸ்டீயரிங் கியர் ராடு. ஒவ்வொன்றுக்கும் அளவு எடுத்துப் பெயர் எழுதுகிறேன். பாய்க்கு இப்போது 70 வயதுக்கு மேல். அவரை உட்கார வைத்து, எதை ஏன் அப்படிச் செய்தார் என்று போனில் ரெக்கார்ட் செய்தேன். எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் சத்தத்தையும் தனியாக எடுத்தேன், போட்டோவில் அது வராது. எங்க ஊர் சாமிக்குப் பெயரே யாழ்மூரிநாதர். சம்பந்தர் பாடிய பதிகம் யாழில் அடங்காமல் போனதால் வந்த பெயர் என்பார்கள். ஒரே கருவியில் எல்லாம் அடங்காது என்பது தருமபுரத்துக்காரனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்!

உங்க வீட்டிலும் ஒரு லூனா, ஒரு டிவிஎஸ் 50, ஒரு ராஜ்தூத் மூலையில் கிடக்கலாம். அதற்கு 50 வயது ஆகும் வரை யாரும் வைத்திருக்கப் போவதில்லை. இந்த லீவில் ஊருக்குப் போகும்போது ஆர்சியை ஒரு போட்டோ எடுங்க. எதெதை மாற்றினீர்கள் என்று ஓட்டியவரிடம் கேளுங்க. ரிப்பேர் பார்த்தவர் இருந்தால் அவரிடம் முதலில் போங்க.