ஐம்பது சதவீதம்

இந்த வருட வக்கான்சுக்கு மகள் வீட்டுப் பேரன் வந்திருந்தான். மாப்பிள்ளை கூட்டி வந்து, பத்து நாள் இருந்துவிட்டுத் திரும்பிவிட்டார். மகளுக்கு லீவு கிடைக்கவில்லை. வெளியூர் அன்பர்களுக்காகச் சொல்கிறேன், வக்கான்ஸ் என்றால் பிரெஞ்சுப் பள்ளிகளுக்கு ஜூலை, ஆகஸ்டில் விடும் நீண்ட விடுமுறை. புதுச்சேரியில் எங்கள் தெருவில் பல வீடுகளுக்குப் பேரப்பிள்ளைகளின் சத்தம் அந்த இரண்டு மாதம்தான்.

பையனுக்கு 13 வயது. அப்பாவின் பழைய லேப்டாப் இப்போது அவனுடையது. துணிமணியைவிடப் பத்திரமாக அதைத் துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தான். சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு மைன்கிராஃப்ட் விளையாடுவான். சதுரக் கற்களை அடுக்கி வீடு, கோபுரம், ஊர் எல்லாம் கட்டும் விளையாட்டு. நம் வீட்டுக் கிணற்றையும் துளசி மாடத்தையும் அதில் கட்டியிருந்தான். ராட்டினத்தை மட்டும் எப்படிக் கட்டுவது என்று தெரியாமல் என்னைக் கேட்டான்.

மூன்றாம் நாளிலிருந்து புலம்பல். "சா ராம், தாத்தா! சா ராம்!" அடுப்படியிலிருந்து என் மனைவிக்கு ஒரே சந்தோஷம், பிள்ளை பகவான் நாமம் சொல்கிறானே என்று. எனக்கும் புரியவில்லை. நான் படித்த பிரெஞ்சில் 'ராமே' என்றால் துடுப்புப் போடுவது. பிறகுதான் விளக்கினான். கம்ப்யூட்டர் மெதுவாக இழுத்துக்கொண்டு ஓடினால் அங்கே பிள்ளைகள் 'துடுப்புப் போடுகிறது' என்பார்களாம். உண்மையிலேயே படகு மாதிரிதான் போனது. ஆள் ஒரு அடி வைப்பான், நிற்பான், திடீரென்று நாலு அடி தள்ளித் தெரிவான்.

பக்கத்து ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போனோம். கடைத் தம்பி திறந்து பார்த்தான். திரை முழுக்கப் பிரெஞ்சு. இரண்டு நிமிடம் அங்கும் இங்கும் தட்டிவிட்டு, "சார், ரேம் மாத்தணும், 4000 ஆகும்" என்றான். என்ன பார்த்து அப்படிச் சொன்னாய் என்று கேட்டால் பதில் இல்லை. படிக்க முடியாத பைலில் 'பரிசீலிக்கலாம்' என்று எழுதி அடுத்த மேசைக்குத் தள்ளிய ஆட்களை நான் 35 வருடம் பார்த்தவன். லேப்டாப்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நானே உட்கார்ந்தேன். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1956 ஒப்பந்தத்தில் மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்கும்வரை பிரெஞ்சும் ஆட்சிமொழியாக இருக்கும் என்று எழுதியிருந்தது. ஆனால் நான் வேலையில் சேர்ந்தபோது மேசைக்கு வந்த பைலெல்லாம் ஆங்கிலம். சேர்ந்த புதிதில் ஒரு பயணப்படி பில்லில் பழக்கதோஷத்தில் 125,50 என்று கமா போட்டுவிட்டேன். பிரெஞ்சில் தசமப் புள்ளிக்குக் கமாதான். சூப்பிரண்டெண்டு பில்லைத் தூக்கிப் பிடித்து, "பன்னிரண்டாயிரத்து ஐந்நூற்று ஐம்பதா? நீர் என்ன கவர்னரா?" என்று செக்‌ஷன் முழுக்கக் கேட்கும்படி கேட்டார். அதற்குப் பிறகு என் பிரெஞ்சு பயன்பட்டதெல்லாம், பென்ஷன் வாங்கும் சொல்தாக்களுக்குப் பிரான்சிலிருந்து வரும் கடிதங்களைப் படித்துச் சொல்வதற்குத்தான்.

கம்ப்யூட்டருக்குப் பிரெஞ்சில் 'ஒர்தினாத்தர்' என்று பெயர். 1955இல் ஐ.பி.எம். நிறுவனம் கேட்டுக்கொண்டதற்காக ழாக் பெரே என்ற லத்தீன் பேராசிரியர் சொன்ன பெயர் அது. உலகத்தை ஒழுங்குபடுத்தும் கடவுளைக் குறிக்கப் பழைய அகராதியில் இருந்த சொல்லாம். என் பள்ளிக்கூடத்தில் இந்தச் சொல்லை யாரும் சொல்லித் தந்ததில்லை. ஆனாலும் படிக்கத் தெரியுமே.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எந்த வேலை எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும் பலகை வரும். அதில் பிராசசர் பக்கத்தைத் திறந்துவைத்துப் பேரனை விளையாடச் சொன்னேன். அடிப்படை வேகம் 2,40 கிகாஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தது. கமாதான்! ஓடிக்கொண்டிருந்த வேகம் 1,20. விளையாட்டு உச்சத்தில் இருக்கும்போதும் 1,20க்கு மேல் ஏறவில்லை. ரேம் பாதிகூட நிரம்பவில்லை. 4000 ரூபாய் மிச்சம்.

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். பிராசசர் எப்போதும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. வேலை இல்லாதபோது வேகத்தையும் வோல்டேஜையும் தானே குறைத்துக்கொள்ளும். சும்மா இருக்கும் பகுதிகளைத் தூங்கவும் விடும். வேலை வந்தால் கண் இமைக்கும் நேரத்தில் எழுந்துவிடும். தபால் வராத மத்தியானத்தில் டெஸ்பாட்ச் கிளார்க் மேசையில் தலை சாய்ப்பது போலத்தான். வோல்டேஜ் பாதியானால் அதில் ஆகும் மின்செலவு பாதியல்ல, கால்பங்காகிவிடும். சூடும் குறையும். அதனால் மின்சிக்கனம் கெட்ட விஷயமே இல்லை. ஆனால் எழுப்பியும் எழுந்திருக்கவில்லை என்றால், யாரோ வரம்பு கட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கரண்ட் போனபோது இன்னொரு தடயம் கிடைத்தது. பேட்டரிக்கு மாறினால் வேகம் குறைவது பல லேப்டாப்புகளில் வழக்கம். இதிலோ அதே 1,20. பிளக்கில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே வரம்பு.

அந்த வரம்பு இருந்த இடத்தின் பெயர் 'ஒப்சியோன் தலிமாந்தாசியோன்'. எனக்குத் தெரிந்த அலிமாந்தாசியோன் சாப்பாடு, போஷாக்கு. மின்சாரம் ஊட்டுவதற்கும் அதே சொல்லை வைத்திருக்கிறார்கள். உங்கள் கம்ப்யூட்டரில் கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் என்று இருக்கும். அதில் நடப்பில் உள்ள பிளானின் மேல்நிலை அமைப்புகளைத் திறந்து கீழே இறங்கினால் பிராசசர் பவர் மேனேஜ்மென்ட். புது லேப்டாப்புகள் சிலவற்றில் இந்த வரி கண்ணில் படாது. அதற்குள் கீழ்வரம்பு, மேல்வரம்பு என்று இரண்டு எண்கள். கீழ்வரம்பு 5 சதவீதம், அது சரி. மேல்வரம்பு பேட்டரிக்கும் 50, பிளக்குக்கும் 50.

இரண்டையும் 100 ஆக்கினேன். வேகம் 2,90க்குப் போனது. வேலை அதிகமானால் அடிப்படை வேகத்தையும் தாண்டிக் கொஞ்சநேரம் ஓடும் டர்போ அது. பையன் கட்டிய ஊருக்குள் ஆள் வழுக்கிக்கொண்டு ஓடினான். முன்பு நொடிக்கு இருபது சொச்சம் படம் என்று காட்டியது ஐம்பதைத் தாண்டியது. "தாத்தா, நீ ஹாக்கரா?" என்றான். ஓய்வுபெற்ற யு.டி.சி.க்கு இதைவிட என்ன பதவி உயர்வு வேண்டும்.

ஆசை விடவில்லை. கீழ்வரம்பையும் 100 ஆக்கிப் பார்த்தோம். விளையாட்டில் வித்தியாசமே இல்லை. எப்படியும் வேலையில் இருக்கிறவனைத் தூங்காதே என்று சொல்லி என்ன பயன்? பெட்டி மட்டும் சும்மா இருக்கும்போதும் சூடாக இருந்தது. திரும்ப 5. அடுத்த சங்கடம் நம் ஊர் ஆகஸ்ட் மத்தியானம். கால்மணி நேரத்தில் மின்விசிறி ஜெட் விமானம் போல இரைந்தது, சூடு தாங்காமல் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டது, பழையபடி துடுப்பு. இதற்கு ஒரு உபாயம் உண்டு. மேல்வரம்பை 100க்குப் பதில் 99 என்று வைத்தால் பல இன்டெல் லேப்டாப்புகளில் டர்போ நின்றுவிடும். உச்ச வேகம் போகும், ஆனால் 2,40ஐ ஒட்டி ஒரே சீராக ஓடும். அதற்கே விளையாட்டு போதுமானதாக இருந்தது.

அன்று சாயங்காலம் நாலு மணிக்கு வழக்கம்போல மகளுக்குப் போன் போட்டேன். நடந்ததைப் பெருமையாகச் சொன்னேன். மறுமுனையில் கொஞ்சநேரம் சத்தம் இல்லை.

"அது தெரிஞ்சு வச்சதுப்பா. அவர்தான் வச்சார்."

"எதுக்கும்மா?"

"அந்த ஃபேன் சத்தத்துல எனக்குத் தூக்கம் வரலை."

மகள் பாரீஸ் புறநகர் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை செய்கிறாள் என்பது தெரியும். இரவுப் பணி என்பது தெரியாது. மூன்று வருடமாக அப்படித்தானாம், இரவில் கொஞ்சம் கூடுதல் சம்பளம். காலையில் வந்து படுப்பாள். இரண்டு அறை வீடு. பள்ளி இல்லாத நாளில் பையன் மேசை தடுப்புச் சுவருக்கு இந்தப் பக்கம், அவள் கட்டில் அந்தப் பக்கம். பிள்ளையிடம் விளையாடாதே என்று சொல்ல மனம் வராமல், மாப்பிள்ளை மிஷினை அடக்கி வைத்திருக்கிறார். அவர் நல்ல மனிதர் என்று எனக்கு எப்போதும் எண்ணம் உண்டு. பையனிடம் இதைச் சொல்லவும் இல்லை, 'அம்மாவால்தான்' என்று நினைத்துவிடுவானோ என்று.

நான் சொல்லிவிட்டேன். 13 வயதுக்குப் புரியும். பேசாமல் கேட்டுக்கொண்டான். பிறகு அவனே, "ரெண்டு பிளான் வைக்க முடியுமா?" என்று கேட்டான். முடியும். எத்தனை பிளான் வேண்டுமானாலும் தனித்தனிப் பெயரில் உண்டாக்கி, வேண்டும்போது மாற்றிக்கொள்ளலாம். 99க்கு 'தாத்தா வீடு' என்று ரோமன் எழுத்தில் பெயர் வைத்தான். 50க்குப் பிரெஞ்சில் 'மாமான் தோர்' என்று போட்டான். அம்மா தூங்குகிறாள் என்று பொருள். சென்னை விமான நிலையத்துக்குக் கார் வந்து நின்றபோது, செருப்பு மாட்டுவதற்கு முன்னால் லேப்டாப்பைத் திறந்து இரண்டாவதைத் தேர்ந்தெடுத்துவிட்டு மூடினான்.

எனக்குத்தான் கணக்கு மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. நம்முடைய நாலு மணி அங்கே கோடையில் பகல் பன்னிரண்டரை. சாப்பாட்டு நேரம், வீட்டில் இருப்பாள் என்று நினைத்து, மூன்று வருடமாக வாரம் இரண்டு முறை அந்த நேரத்தில்தான் அழைத்திருக்கிறேன். ஒருமுறைகூட அவள் எடுக்காமல் இருந்ததில்லை. குரல் ஏன் கம்முகிறது என்று கேட்டால், குளிருப்பா என்பாள்.

இப்போது இரவு ஒன்பதரைக்கு அழைக்கிறேன். அங்கே ஆறு மணி, எழுந்து காபி குடிக்கும் நேரம். முதல் தடவை அப்படி அழைத்தபோது, "என்னப்பா, இந்த நேரத்துல? அம்மாவுக்கு ஒண்ணும் இல்லையே?" என்று பதறிவிட்டாள்.