ஸ்ட்ரெய்னர் கூடையில் கிடந்தவை

சிங்கப்பூரில் கட்டடம் எழும்புவதைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். எழும்பி முடிந்தபின் அதன் குழாய்களைக் கழுவி, எந்திரங்களை முதல்முறை ஓடவிடும் ஆட்களைப் பற்றி நான் எங்கும் படித்ததில்லை. அதனால்தான் பொறியாளரான நண்பர், "எங்க சைட்ல ஃப்ளஷிங் ஆரம்பிக்குது, வர்றீங்களா?" என்று கேட்டதும் கிளம்பினேன்.

சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு ஹோட்டல். பழைய குழாய்களையும் எந்திரங்களையும் எடுத்துவிட்டுப் புதிதாக மாட்டியிருந்தார்கள். அவற்றில் ஒன்று ஹீட் பம்ப். குளிரே இல்லாத ஊரில் அது எதற்கு என்றுதான் முதலில் தோன்றியது. அறைகளைக் குளிர்வித்துத் திரும்பும் தண்ணீர் ஏறக்குறைய 12 டிகிரியில் வருகிறது. அறைகளின் வெப்பமெல்லாம் அதில் இருக்கிறது. வழக்கமாக அந்த வெப்பம் கூலிங் டவர் வழியாக வானத்துக்குப் போய்விடும். ஹீட் பம்ப் அதில் ஒரு பங்கைப் பிடுங்கி, விருந்தினர் குளிக்கும் வெந்நீராக்குகிறது. குளிர்ச்சி, வெந்நீர் இரண்டும் ஒரே மின்சாரத்தில். லீ குவான் இயூ பிரதமரானதும் முதல் வேலையாக அரசு அலுவலகங்களில் ஏர்கண்டிஷன் மாட்டியதாகச் சொல்லியிருக்கிறார். அன்று தொடங்கிய பழக்கம், இன்று மரினா பே வட்டாரத்தில் பல கட்டடங்களுக்கு நிலத்தடிக் குழாய்வழியே குளிர்நீர் அனுப்பும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. எங்கே குழாய் புதிதாகப் போட்டாலும் முதலில் அதைக் கழுவியாக வேண்டும்.

ஃப்ளஷிங் பொறுப்பில் இருந்தவர் ஒரத்தநாட்டுக்காரர், நாற்பதை நெருங்குபவர். பேச்சைவிட வேலை முந்தும் மனிதர். ஹீட் பம்புக்குப் போகும் இரண்டு வால்வுகளையும் மூடி, இடையில் ஹோஸ் போட்டுத் தண்ணீரைச் சுற்றிவிட்டிருந்தார். "மெஷினுக்குள்ள ஒரு சொட்டு அழுக்குத் தண்ணி போகக்கூடாது சார்" என்றார். உள்ளே தகடுகளுக்கு இடையிலான வழி சில மில்லிமீட்டர்தான். அது அடைத்தால் ஓட்டம் குறையும். ஓட்டம் குறைந்தால் தண்ணீர் அங்கேயே உறைந்து தகட்டைப் பிளக்கும். அதோடு மெஷினின் கதை முடிந்தது.

மருந்து கலப்பது, அளவு பார்ப்பது, படிவம் நிரப்புவது என்று நடுவில் நிறைய நடந்தது. என் கண் ஸ்ட்ரெய்னரை விட்டு அகலவில்லை. பம்புக்கு முன்னால் குழாயில் சாய்வாகத் துருத்தி நிற்கும் ஒரு கை. அதற்குள் துளையிட்ட எஃகுக் கூடை. பம்பை நிறுத்தி, வால்வை அடைத்து, போல்ட்டுகளைக் கழற்றி அவர் கூடையை உருவினார். கருஞ்சேறு வழிந்தது. விரலால் துழாவி ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார்: வெல்டிங் உருண்டைகள், குழாய் ஆலையிலிருந்தே ஒட்டி வந்த கருஞ்செதில், டேப் துண்டு, கிரைண்டர் தூள். எந்த மாடியில் யார் அவசரமாக வெல்டிங் பிடித்தார் என்றுகூட அந்தக் கூடையைப் பார்த்துச் சொல்கிறார்.

"பிரஷர் டெஸ்ட் வச்ச தண்ணிய அப்படியே விட்டுட்டுப் போயிடுவாங்க சார். ரெண்டு வாரத்துல கடுங்காப்பி ஆயிடும். துரு அப்பதான் பிடிக்குது." கழுவி மாட்டினார், ஓட்டினார், மறுபடி உருவினார். கூடை சுத்தமாக வரும்வரை இதுதான் வேலை. வெளியே வரும் தண்ணீர் உள்ளே விடும் தண்ணீரைப்போல் ஆனபிறகே துருத்தடுப்பு மருந்து கலந்து, காற்றை வெளியேற்றி, ஹோஸை எடுத்துவிட்டு மெஷினின் வால்வைத் திறப்பார்கள். கம்ப்ரஸர் எண்ணெயைச் சூடாக்கும் ஹீட்டரை அதற்கு ஒரு நாள் முன்பே போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெயில் கரைந்த கேஸ் கிளப்பும்போது நுரைத்து, பேரிங்குக்கு எண்ணெய் போகாது.

இவ்வளவும் தெரிந்த மனிதருக்கு அடிப்படைச் சம்பளம் நாளுக்கு 24 வெள்ளி. பதினோரு வருடத்துக்கு முன் ஊரில் தொழில்திறன் டெஸ்ட் அடித்து, ஏஜெண்டுக்கு 3,20,000 ரூபாய் கட்டி வந்தவர். அம்மாவின் நகையும் வட்டிப் பணமும். முதல் இரண்டு வருடச் சம்பளம் அதற்கே போயிற்று.

சட்டம் இல்லாமலில்லை. சிங்கப்பூர் முகவர் ஊழியரிடம் வாங்கக்கூடியது ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதச் சம்பளம். எத்தனை வருடமானாலும் இரண்டு மாதத்தைத் தாண்டக்கூடாது. அவர் வந்த காலத்துச் சம்பளத்துக்கு அது ஆயிரம் வெள்ளிகூட வராது. இந்தியாவில் பதிவுபெற்ற முகவருக்கு இப்போது உச்சவரம்பு 30,000 ரூபாயும் வரியும். மிச்சப் பணம் முழுக்க ரசீதில்லாமல், ஊர்த் தரகர் தொடங்கிக் கை மாறிக் கை மாறிப் போகிறது. ஒரு போல்ட் முடுக்காதவன், ஒரு வால்வு திறக்காதவன், முடுக்குபவனின் இரண்டு வருட உழைப்பைத் தின்கிறான். இது திருட்டு. ரசீது இல்லை என்பதால் இரண்டு அரசுகளும் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. வேலை பெர்மிட்டை நிறுவனம் ரத்து செய்தால் ஊருக்குப் போய் மீண்டும் ஏஜெண்டுக்குப் பணம் கட்ட வேண்டும் என்ற பயம் இருக்கும்வரை, காயம்பட்டவரும் சம்பளம் வராதவரும் வாய் திறக்க மாட்டார்கள். அப்படியும் திறந்தவர்களுக்குத்தான் வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் டிடபிள்யூசி2 அமைப்பு 2008 முதல் லிட்டில் இந்தியாவில் கஃப் சாலைத் திட்டம் என்ற பெயரில் சோறு போட்டு வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் அவரோடு டீ குடித்தேன். அண்ணன் மகன் ஊரில் டெஸ்டுக்குப் படிக்கிறானாம்.

"நீங்க என்ன சொன்னீங்கண்ணே?"

"வேணாம்னேன் சார். ஊர்லயே ஐடிஐ முடிச்சு ஏசி வேலைக்குப் போடான்னேன். கேக்கல. போன வாரம் அட்வான்ஸ் கட்டிட்டான்."