மட்டையின் வளைவும் ஒரு மேனேஜர் அப்பாவும்

ஜலந்தருக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்த அன்று தங்கமணி கேட்ட முதல் கேள்வி, "அங்கே இட்லி அரிசி கிடைக்குமா?" எட்டாவது படிக்கும் மகள் கேட்டது, "அங்கே டர்ஃப் இருக்குமாப்பா?" இட்லி அரிசி இன்றுவரை பெரும்பாடுதான். டர்ஃப் இருக்கிறது. ஊருக்குப் பக்கத்திலேயே 14 ஒலிம்பிக் வீரர்களைத் தந்த சன்சார்பூர் என்ற கிராமமும் இருக்கிறது. ஹாக்கி மட்டை செய்கிறவர்களோ தெருவுக்குத் தெரு. 1947 பிரிவினையின்போது சியால்கோட்டிலிருந்து கைத்தொழிலோடு வந்தவர்களின் குடும்பங்கள்தான் நிறைய.

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. ஹாக்கிக்குப் பேர்போன ஊர் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கரிசல் மண்ணில், பந்து எங்கே குதிக்கும் என்று பந்துக்கே தெரியாத மைதானத்தில் ஆடியவன் நான். தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதிய அப்பா வாங்கித் தந்த பழைய மர மட்டை, என் உயரத்துக்கு இரண்டு இஞ்ச் அதிகம். ரம்பத்தால் அறுத்து, சைக்கிள் ட்யூபைச் சுற்றி ஆடினேன். மட்டையைத் தேர்ந்தெடுப்பது என்று ஒரு விஷயம் இருப்பதே அப்போது தெரியாது.

அதனால்தான் மகளுக்கு நல்ல மட்டை வாங்க வேண்டும் என்று ஒரே வெறி. எங்கள் பிராஞ்சில் கேஷ் கிரெடிட் வைத்திருக்கும் ஒரு சர்தார்ஜி மட்டை செய்கிறார். ஒரு சனிக்கிழமை மகளோடு அவர் கடைக்குப் போனேன்.

இங்கே கொஞ்சம் டெக்னிகல் சமாச்சாரம், பொறுத்துக்கொள்ளுங்கள். ஹாக்கி மட்டை நேராக இருப்பதுபோல் தெரியும், ஆனால் இல்லை. முகம் கீழே இருக்கும்படி மேஜைமேல் வைத்தால் நடுவில் லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். அந்த இடைவெளிதான் 'போ', அதாவது வில் வளைவு. விதிப்படி அது 25 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. வளைவின் உச்சி மட்டையின் அடியிலிருந்து 200 மில்லிமீட்டருக்குக் கீழே வரவும் கூடாது. (பனி ஹாக்கிக்காரர்களுக்கு அடிப்பாகமே பக்கவாட்டில் வளைந்திருக்கும், இடதுகை வலதுகை என்று தனித்தனியாகவும் உண்டு. நமக்கு எல்லாமே வலதுகை மட்டைதான், இடதுகைக்காரர்களும் அதிலேயே ஆட வேண்டும்.)

ஆக, விளையாட்டே அந்த 25 மில்லிமீட்டருக்குள்தான். உச்சி நடுப்பகுதியை ஒட்டி இருந்தால் சாதாரண வளைவு. கொஞ்சம் கீழே இறங்கினால் 'மிட் போ'. 200-ஐ ஒட்டி வந்துவிட்டால் 'லோ போ'. பெனால்டி கார்னரில் டிராக் ஃபிளிக் அடிப்பவர்களுக்கு லோ போ வரப்பிரசாதம். பந்து அந்தக் குழிவில் உட்கார்ந்துகொண்டு, மட்டையோடு உருண்டு வந்து, கடைசி நொடியில் கவண்கல் மாதிரி பறக்கும். 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் ஹர்மன்ப்ரீத் சிங் 10 கோல் போட்டதைப் பார்த்துவிட்டு, எங்கள் வீட்டு ஹால் சுவருக்கு எத்தனை அடி விழுந்தது என்று ஹவுஸ் ஓனருக்கு இன்னும் தெரியாது :-)

சர்தார்ஜி முதலில் கேட்டது, "பொண்ணு எந்த இடத்துல ஆடுறா?"

"ரைட் ஹாஃப்" என்றாள் மகள். "எல்லா இடத்துலயும் ஆடுவா" என்றேன் நான்.

அவர் சாதாரண வளைவில் ஒன்றை எடுத்து நீட்டினார். அவளும் வாங்கி இரண்டு தட்டு தட்டிப் பார்த்தாள். நானோ சுவரில் தொங்கிய கறுப்பு கார்பன் மட்டையைக் காட்டினேன். லோ போ, 36 இஞ்ச், 7,500 ரூபாய். "இது ஃபிளிக்கர்களுக்கு, மேனேஜர் சாப்" என்று இழுத்தார். லோன் கொடுக்கும் மேனேஜரிடம் எவ்வளவுதான் வாதாடுவார் மனிதர்? மகளைப் போட்டோ எடுத்து, கோவில்பட்டி குரூப், காலேஜ் குரூப், மாமா சித்தப்பா எல்லோருக்கும் அனுப்பினேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய கிட் பேகைக் காயவைக்க எடுத்தேன். கையில் வந்தது அந்த மட்டை. ஸ்டாக் இன்ஸ்பெக்‌ஷன் போய்ப் பழகிய கண் சும்மா இருக்குமா? வாரம் நாலு நாள் டர்ஃபில் உரசும் மட்டைக்கு அடி விளிம்பில் பெயிண்ட் போயிருக்க வேண்டும். இது கடையில் தொங்கியபடியே இருந்தது.

"இதுல நீ ஆடறதே இல்லையாம்மா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அதுல அடிச்சா பந்து எந்திரிச்சுடுதுப்பா. டீம் செலக்‌ஷன் அன்னிக்கு ஒரு பொண்ணோட முழங்கால்ல பட்டுடுச்சு. சார் வெளியில உட்கார வச்சுட்டார்" என்றாள். அன்றிலிருந்து சிநேகிதியின் பழைய மட்டையை இரவல் வாங்கி ஆடுகிறாளாம்.

"ஏன் சொல்லல?"

"நீங்க எல்லாருக்கும் போட்டோ அனுப்பிட்டீங்கல்ல."

எனக்குப் பதில் வரவில்லை. தங்கமணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அடுத்த சனிக்கிழமை மறுபடி சர்தார்ஜி. மேஜையில் மட்டையை வைத்து, ஸ்டீல் ஸ்கேலால் இடைவெளியைக் காட்டி விளக்கினார். வளைவு கீழே போகப் போக, அடிக்கும்போது மட்டையின் முகம் மேல்நோக்கித் திறந்துகொள்கிறது. கையை முன்னே தள்ளிப் பிடித்து அதைச் சரிக்கட்டப் பழகியவர்கள் ஆடிவிடுவார்கள். பழகாத பிள்ளை தரையோடு அடிப்பதாக நினைத்து அடிக்கும், பந்து இடுப்புக்கு வரும். கோலை நோக்கி வட்டத்துக்குள் அடிப்பதைத் தவிர, வேண்டுமென்று தூக்கி அடிப்பதே தப்பு. தெரியாமல் தூக்கினாலும் ஆபத்தென்றால் விசில்தான். ரைட் ஹாஃபுக்கு வேலையே பந்தை நிறுத்துவதும் நேராக நீளமாகத் தள்ளுவதும். அவளுக்குச் சாதாரண வளைவு போதும், கைகள் தேறியபின் மிட் போ பார்க்கலாம் என்றார். முழுக் கார்பனும் வேண்டாமாம், ஃபைபர் கிளாஸ் அதிகமிருந்தால் பந்தை நிறுத்தும்போது துள்ளாதாம். நான் அறுத்து ஆடிய மல்பெரி மட்டையைப் பற்றிச் சொன்னேன். "அதுல நிறுத்தக் கத்துக்கிட்டவன் எதுலயும் நிறுத்துவான்" என்று சிரித்தார். எனக்காகச் சொன்னாரோ என்னவோ.

இந்த முறை நான் வாசல் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். உள்ளே மகள் ஒவ்வொன்றாக எடுத்து, மேஜைமேல் வைத்துக் குனிந்து பார்த்து, தட்டிப் பார்த்து, முக்கால் மணி நேரம் கழித்து ஒன்றைக் கொண்டுவந்தாள். பச்சைக் கலர், பார்க்கச் சுமார்தான். 2,800 ரூபாய். "போட்டோ எடுக்கட்டுமா?" என்றேன். "ஒண்ணும் வேணாம்" என்றாள்.

அடுத்த செலக்‌ஷன் டிசம்பரில். வருவாளா மாட்டாளா தெரியாது. அதற்குள் எனக்கு டிரான்ஸ்ஃபர் வராமல் இருக்க வேண்டும், அது தனிக் கவலை.

அந்தக் கறுப்பு மட்டை பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது. லோ போ, 36 இஞ்ச், கீறல் இல்லை. பஞ்சாப், டெல்லிப் பக்கம் நம்மவர்கள் வீட்டில் டிராக் ஃபிளிக் அடிக்கும் பிள்ளை இருந்தால் சொல்லுங்கள், நானே கொண்டுவந்து தருகிறேன். பதிலுக்கு ஐந்து கிலோ இட்லி அரிசி கிடைத்தால் தங்கமணி சந்தோஷப்படுவாள்.