‘உன் கதையைச் சொல்லு’ன்னு கேட்காதீங்க!

கரியாலூர் என்று போனில் தேடிப் பாருங்கள். படகுச் சவாரி, பெரியார் நீர்வீழ்ச்சி, ‘சில்லென்ற காற்று’ எல்லாம் வரும். டிஜிட்டல் டெஸ்க்கில் இருக்கும் நானும் அப்படிச் செய்திகள் போட்டிருக்கிறேன். கல்வராயன் மலையின் அந்த ஊரில்தான் என் ஆயா இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டியிருக்கும். ஆதாரில் இருக்கும் பிறந்த தேதி குத்துமதிப்பாகப் போட்டது.

அவர் கதையை எழுதிவைக்கும் ஆசையில், ரெக்கார்டரை ஆன் செய்துவிட்டு, “ஆயா, உன் வாழ்க்கையச் சொல்லு” என்றேன்.

“என்னாத்தச் சொல்றது? பொறந்தன், கட்டிக் குடுத்தாங்க. ஆறு பெத்தன், நாலு நின்னுச்சி.”

அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மறுநாள் வேறு மாதிரி கேட்டேன். “காலையில எழுந்தா இங்க என்ன சத்தம் கேக்கும் ஆயா?”

உலக்கைச் சத்தம் என்றார். சாமையைக் குத்திப் புடைத்தால்தான் அன்றைக்குச் சோறு. விடிவதற்குள் வீட்டுக்கு வீடு தொடங்கிவிடுமாம். உமித் தூசு கழுத்தில் ஒட்டி அரிப்பதைச் சொன்னார். உள்ளங்கை காய்த்துப்போன இடத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். பிறகு நான் கேட்காமலே வந்தது இது:

“பெரிய பொண்ணு போன அன்னிக்கி நம்ம ஊட்டு ஒரலு சும்மா கெடந்துச்சி. பக்கத்து ஊட்ல குத்தறாங்க. அதக் கேட்டப்பதான் எனக்கு அழுகையே வந்துச்சி.”

கடைசிப் பிள்ளையான என் அப்பாவுக்கே இது புதுச் செய்தி. ‘மிகுந்த துயரம் அடைந்தார்’ என்று நான் எழுதியிருந்தால் அது யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும்.

1992-ல் வந்த பாமாவின் தன்வரலாற்றுக்குப் பெயர் ‘கருக்கு’. பனைமட்டையின் இரு ஓரத்திலும் ரம்பம் மாதிரி இருக்குமே, அது. சின்ன வயதில் விறகு பொறுக்கப் போனபோது தோலைக் கீறிய கருக்கு, ஒரு வாழ்க்கைக்கே தலைப்பாகிவிட்டது.

வாசனையின் பாதையே வேறு. பார்ப்பதும் கேட்பதும் மூளையில் தலாமஸ் என்ற பகுதி வழியாகப் போகின்றன. வாசனை மட்டும் அங்கே நிற்காமல், நினைவையும் உணர்ச்சியையும் கையாளும் பகுதிகளுக்கு நேராகப் போய்விடுகிறது. அதனால் மூன்றாம் நாள் நான் கேள்வியே கேட்கவில்லை, அடுப்பில் சாமைச் சோறு வைத்தேன். பொங்கல் அன்றைக்கு மட்டும் நெல்லுச் சோறு தின்ற கதை முக்கால் மணி நேரம் ஓடியது!

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் உட்காரும்போது ஒரு பழைய பாத்திரத்தையோ புடவையையோ கையில் கொடுத்துப் பாருங்கள். அவர்கள் பேச்சைத் திருத்தாமல் அப்படியே எழுதுங்கள். அதற்காக ஐந்து புலன்களையும் ஒவ்வொரு பத்தியிலும் திணிக்க வேண்டாம், மசாலா கூடிய குழம்பு மாதிரி ஆகிவிடும். சும்மா கிடந்த அந்த உரலைப் பற்றி ஆயா சொன்னது ஒரே வரிதான். அதில் வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. நானும் எதுவும் சேர்க்கவில்லை.

அந்த அத்தையின் பெயரையும் ஆயா சொன்னார். வீட்டு நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன்.